முப்பத்தொரு பாகை

கறுத்த சொக்லேற்றுக்கு வேண்டியது முப்பத்தொரு பாகை.
சித்திரையில் ஆனைக்கோட்டையிடம் இருப்பது முப்பத்தைந்து.
அந்த நாலு பாகைக்குத்தான்
மாதாமாதம் மின்சார சபைக்குக் காசு கட்டுகிறேன்.

ஏசி பழசு. கொழும்பில் ஏதோ வங்கி
கழற்றி விற்றதைக் கடனில் எடுத்தது.
அதன் கீழ் ஒரு மேசை, எண்ணெய்த்தாள், முள்ளுக்கரண்டி,
நெற்றிக்குக் கட்ட ஒரு துவாய்.
வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் போதும்,
கிண்ணம் முழுக்கத் திரைந்து
ஈரமண்ணாய்ப் போய்விடும்.
அழுவதானாலும்
கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்த்தான் அழவேண்டும்.

கச்சான் சொன்ன சொல் கேட்கும்.
இஞ்சித் துண்டும் அப்படித்தான்,
சீனியில் ஒரு கிழமை ஊறி அடங்கியது.
இதரை வாழைப்பழம் தோய்க்கும்போது சிரிக்கும்,
இரவில் உள்ளுக்குள் அழும்;
விடிய, தட்டில் ஒரு சின்னக் குளம்.
பருத்தித்துறை வடையைப் பாதிக்கு மட்டும் தோய்த்தேன்.
"உனக்கென்ன விசரோ?" என்றாள் மச்சாள் வதனறூபி,
கேட்டுக்கொண்டே நாலாவதை எடுத்தாள்.
மோர்மிளகாயையும் ஒருக்கால் தோய்த்துப் பார்த்தேன்.
அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

வெள்ளி பத்தரைக்குக் கஜீபன் வருவான்,
முழங்கையில் ஹெல்மெற், கையில் கம்பனியின் பெரிய ஃபோன்.
கிழமைக்கு நாலாயிரத்து எண்ணூற்றைம்பது,
இது பத்தொன்பதாவது தவணை.
மரியாதையான பெடியன். செருப்பை வாசலில் கழற்றுவான்.
கழற்றிவிட்டு
முழுக் காசும் வாங்கும்வரை போடமாட்டான்.

அந்த வெள்ளி காலை ஆறுக்கே கறண்ட் போயிருந்தது.
மானிப்பாய்க் கலியாணத்துக்கு எண்ணி வைத்த
இருநூறு கச்சான் உருண்டை
ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு
ஒரே உருண்டையாய்க் கிடந்தது.
மாப்பிள்ளையின் தாய்க்கு ஃபோனில் சொன்னேன்.
அவ சொன்னதை இங்கே எழுதவில்லை.

"அக்கா, இந்தக் கிழமை..." என்றான் கஜீபன்.
"இரும் தம்பி" என்று பிறிஜ்ஜைத் திறந்தேன்.
குளிர் கொஞ்சம் மிச்சமிருந்தது.
மிச்சமிருந்த இன்னொன்று புழுக்கொடியல்.
விரல் நீளத்துக்குக் கிழித்து,
வியாழன் இரவு ஒரு யோசனையில் தோய்த்தது.
இரண்டை நீட்டினேன்.

கடித்தான். அது கடிபடவில்லை.
கடைவாய்க்கு மாற்றினான்.
சொக்லேற் உடனே சம்மதித்துக் கரைந்து
மீசையோரம் வந்து நின்றது.
கிழங்கு சம்மதிக்கவில்லை.
ஏதோ சொல்ல ஒரு விரலைத் தூக்கினான்,
பிறகு இறக்கினான்.
ஃபோன் அடித்தது. மனேஜர்.
"ம்ம்" என்றான்.
அந்தப் பக்கம் ஏதோ கத்தியது.
"ம்ம். ம்ம்ம்."
மணிக்கூட்டைப் பார்த்தேன்: ஒன்பது நிமிடம்.
ஒன்பது நிமிடம் எனக்குக் கடன் இருக்கவில்லை.
தெருவில் ஐஸ்பழ வான் பாட்டோடு போனது.
அவன் தாடை மட்டும் வேலை செய்தது,
தன் வாழ்க்கையையே யோசிப்பவன் மாதிரி.

விழுங்கி முடித்தான். தண்ணி கேட்டான்.
"இது என்ன விலை அக்கா?"
"பைக்கற் முந்நூறு."
"அம்மாவுக்கு ஒண்டு தாங்கோ. இல்ல, அவவுக்குப் பல்லில்ல.
எனக்கே தாங்கோ."
"தவணையில கழிச்சு விடுமன்?"
"ஏலாதக்கா. சிஸ்டம் விடாது."

சொந்தப் பொக்கற்றிலிருந்து மூன்று நூறு எடுத்தான்.
என் கையில் வைத்தான்.
நான் எண்ணிப் பார்த்துவிட்டு
திருப்பி அவன் கையில் வைத்தேன்.
அவன் பெரிய ஃபோனைத் தட்டினான்,
என் சின்ன ஃபோன் துடித்தது:
கிடைத்தது முந்நூறு,
பாக்கி நாலாயிரத்து ஐந்நூற்றைம்பது.

செருப்பைப் போட்டுக்கொண்டு
"இன்னும் ஏழு வீடு இருக்கு" என்றான், எனக்கில்லை,
பைக்கற்றைப் பார்த்து.
ஃபோன் திரையில், என் பெயருக்கு மேலே,
அவன் பெருவிரல் கறுப்பாய் ஒட்டியிருந்தது.
துடைக்கவில்லை.
மனுசச் சூடு முப்பத்தேழு;
அது அங்கே இறுகாது.